கண்ணாடிக் கடையில் லென்ஸ் விற்பது எப்படி? பவர் சீட்டிலிருந்து டெலிவரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்கு வருகிறவர் ஃப்ரேமைத் தானே தேர்ந்தெடுத்துவிடுவார். நான்கைந்தை மாட்டிப் பார்ப்பார், கூட வந்தவரிடம் "எப்படி இருக்கு?" என்பார், முடிந்தது. லென்ஸ் விஷயத்தில் அது நடக்காது. ஐந்நூறு ரூபாய் லென்ஸும் ஐயாயிரம் ரூபாய் லென்ஸும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசத்தை நாம் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும். நாம் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க அவருக்கு வழியும் கிடையாது. இந்த வழிகாட்டி கவுன்டரில் புதிதாக நிற்கிறவர்களுக்கும், சின்ன ஊரில் சொந்தமாகக் கடை போட்டவர்களுக்கும்.

முதலில் ஒன்று. விலைப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் அளவு டேப்பை எடுங்கள். ஏன் என்று இரண்டாவது படியில் சொல்கிறேன்.

படி 1: சீட்டையும் பழைய கண்ணாடியையும் சேர்த்துப் படியுங்கள்

கண் சோதித்தவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஸ்பியர் (அடிப்படைப் பவர்), சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் சேரும் பவர்), ஆக்சிஸ் (அந்தத் திசையின் கோணம்), நாற்பது தாண்டியவராக இருந்தால் ஆட் (கிட்டத்துக்குக் கூட்டும் பவர்), இவ்வளவும் இருக்கும். தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி சோதிக்கச் சொல்வதே நல்லது. பிறகு பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி லென்ஸ் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து அந்தப் பவரைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பழையதுக்கும் புதியதுக்கும் பவர் பெரிதாக மாறியிருந்தாலோ, சிலிண்டரின் ஆக்சிஸ் நகர்ந்திருந்தாலோ, புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாள் தரை மேடு பள்ளமாகத் தெரியும். இதை முன்பே சொன்னால் அது விளக்கம். அவர் திரும்பி வந்து சண்டை போட்ட பிறகு சொன்னால் அது சாக்கு.

சர்க்கரை இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடவே ஏறி இறங்கும். புதிதாக மருந்து ஆரம்பித்தவருக்கு இன்று போடும் கண்ணாடி இன்னும் சில வாரத்தில் பொருந்தாமல் போகலாம். "சர்க்கரை கட்டுக்குள்ள வந்ததும் ஒரு தடவை பார்த்துட்டுப் போட்டுக்கலாம்ணே" என்று சொல்லி அனுப்புங்கள். அன்றைய வியாபாரம் போகும், ஆள் போகமாட்டார்.

திடீரென்று பார்வை மங்கியது, கண்ணில் மின்னல் அடிக்கிறது, திடீரென்று கரும்புள்ளிகள் மழையாக மிதக்கின்றன, கண் சிவந்து வலிக்கிறது: இப்படி யாராவது சொன்னால் ஃப்ரேம் காட்டவே வேண்டாம். அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

படி 2: என்ன வேலை, எவ்வளவு தூரம்?

கிட்டத்துப் பார்வைக்கான ஆட் பவரைச் சோதிக்கும்போது பெரும்பாலும் எழுத்து அட்டையை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய வேலையும் 40 சென்டிமீட்டரில் நடப்பதில்லை. கணக்கு எளிது: 100-ஐத் தூரத்தின் சென்டிமீட்டரால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குக் கண்ணுக்குத் தேவைப்படும் டயாப்டர் (பவரின் அலகு) வந்துவிடும். 40-க்கு 2.50. கம்ப்யூட்டர் திரை 65-ல் இருந்தால் சுமார் 1.50. நகைப் பட்டறையில் பொடிவைத்துப் பற்றவைக்கும் ஆசாரி 25 சென்டிமீட்டரில் குனிந்து பார்க்கிறார் என்றால் 4.00. மூன்று பேரும் ஒரே வயது, சீட்டில் ஒரே பவர். மூன்று பேருக்கும் ஒரே கண்ணாடி போட்டால் இருவர் கழுத்து வலியோடு திரும்பி வருவார்கள்.

அதனால்தான் டேப். தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 47, தூரத்துக்குப் பவர் இல்லை, ஆட் +1.75. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கவுன்டரையே மிஷினாக நினைத்துத் துணியை நகர்த்துவதுபோல் கையை வைக்கச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து விரல் நுனிவரை டேப்பைப் பிடியுங்கள். 45, 48 என்று வரும். பிறகு ஊசியில் நூல் கோப்பதுபோல் கையைத் தூக்கச் சொல்லுங்கள். இப்போது 28, 30-க்கு வந்துவிடும். அவருக்குத் தலைவலி மிஷினிலா, ஊசியிலா, ராத்திரி ஹெம்மிங்கிலா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அளந்த எண்ணைச் சீட்டில் எழுதி, பவர் பார்த்தவரிடம் போனில் சொல்லி, இந்தத் தூரத்துக்கு ஆட் சரிதானா என்று கேளுங்கள். நாமாகப் பவரை மாற்றக்கூடாது. பல கடைகளில் கால் பவரைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கிறார்கள். அது நம் வேலை இல்லை.

கிட்டத்துக் கண்ணாடியை அலட்சியமாக எண்ணவேண்டாம். அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், கிட்டத்துக் கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த அளவு, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியது. விலை குறைந்த, சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடிதான். கவுன்டரில் நமக்கு லாபம் குறைவு என்பதற்காக அதைக் காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு.

படி 3: இன்டெக்ஸ் பேசுவதற்கு முன் ஃப்ரேம் அளவு பேசுங்கள்

மைனஸ் பவர் கூடினால் லென்ஸ் ஓரம் தடிக்கும். லென்ஸ் பொருள் ஒளியை வளைக்கும் திறனைச் சொல்லும் எண்தான் இன்டெக்ஸ்; அது கூடினால் லென்ஸ் மெலியும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, மைனஸ் 6 வந்தவுடன் "1.67 போட்டுக்கலாம் சார்" என்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மைனஸ் 6, பி.டி. (இரண்டு கண்பாப்பாக்களுக்கும் இடையிலான தூரம்) 62 மில்லிமீட்டர். அவர் எடுத்த ஃப்ரேம் கண் அளவு 54, மூக்குப் பாலம் 18. இரண்டையும் கூட்டினால் 72. பி.டி.யைக் கழித்தால் 10. ஒவ்வொரு கண்ணுக்கும் லென்ஸ் மையத்தை 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ளவேண்டும். அதனால் காதுப் பக்க ஓரம் மையத்திலிருந்து 32 மில்லிமீட்டர் (54-ல் பாதி 27, அதோடு இந்த 5) தள்ளி நிற்கும். 1.67 போட்டாலும் அந்த ஓரம் மையத்தைவிட ஏறக்குறைய 4.6 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்திருக்கும். இதே ஆள் 48 கண் அளவு, 18 பாலம் உள்ள ஃப்ரேம் எடுத்தால் தள்ளவேண்டியது 2 மில்லிமீட்டர்தான். அதில் 1.60 போட்டாலே ஓரத்தில் கூடுவது சுமார் 3.4. விலை குறைந்த லென்ஸ், சின்ன ஃப்ரேமில், விலை கூடிய லென்ஸைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மெலிசாக வருகிறது. இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்புறம் அவர் உங்கள் கடையை விட்டு வேறு கடைக்குப் போகமாட்டார்.

பொதுவாக இரண்டு பவர் வரை சாதாரண பிளாஸ்டிக்கான சி.ஆர்.39 அல்லது 1.56 போதும். நான்கு வரை 1.56 அல்லது 1.60. அதற்கு மேல் 1.60, 1.67. எட்டு, பத்து என்றால் 1.74 பற்றிப் பேசலாம். இன்டெக்ஸ் கூடக் கூட எல்லாம் நல்லதே என்று சொல்லிவிடாதீர்கள். ஒளி வண்ணமாகச் சிதறாமல் இருப்பதற்கு ஆபே எண் என்று ஓர் அளவு உண்டு. அது கூடுதலாக இருந்தால் நல்லது. சி.ஆர்.39-க்கு 58, நல்ல 1.60-க்கு 41 அளவில், 1.67-க்கு 32, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு 30. ஒன்றரைப் பவர்காரருக்கு 1.67 விற்றால் அவருக்கு மெலிசும் பெரிதாகக் கிடைக்காது, பார்வையின் சுத்தமும் ஒரு பிடி குறையும். பணம் மட்டும் போகும்.

பாலிகார்பனேட்டுக்கு ஆபே எண் குறைவுதான். ஆனால் அது எளிதில் உடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும், லேத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் வேறு யோசனையே வேண்டாம். ஓட்டை போட்டு மாட்டும் ரிம்லெஸ் ஃப்ரேமுக்கும் பாலிகார்பனேட் அல்லது 1.60 போடுங்கள், சி.ஆர்.39 ஓட்டைப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

பி.டி.யை ஸ்கேல் வைத்து எடுத்தாலும் மீட்டர் வைத்து எடுத்தாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எடுங்கள். மைனஸ் 6 லென்ஸ் ஒரு கண்ணில் 3 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 1.8 பிரிஸம் (பார்வையைப் பக்கவாட்டில் இழுக்கும் விளைவு) உண்டாகும். பவர் துல்லியமாக இருந்தும் "ஏதோ இழுக்குது" என்று சொல்லப்படுவதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

படி 4: கோட்டிங்கில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங்கை மனசாட்சியோடு எல்லோருக்கும் பரிந்துரைக்கலாம். கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். இன்டெக்ஸ் கூடினால் இது இன்னும் கூடும். ராத்திரி ரோட்டில் எதிர் லாரி விளக்கு லென்ஸில் சிதறுவது பெரிதும் அதனால்தான். கடையின் டியூப்லைட் அடியில் கோட்டிங் உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. கூடவே ஓர் எச்சரிக்கை: வெயிலில் நிறுத்திய கார் டாஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடித்துச் சிலந்தி வலைபோல ஆகும். தூசியோடு வேட்டி நுனியிலும் முந்தானையிலும் துடைத்தால் கீறும். முதலில் தண்ணீரில் அலசவேண்டும்.

நீல ஒளியைக் குறைக்கும் ப்ளூ கட் லென்ஸ் பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன். "மொபைல் பார்த்தால் கண் கெட்டுப்போகும், ப்ளூ கட் போட்டால் காப்பாற்றும்" என்று சொல்லி விற்பது தப்பு. 17 சோதனைகளைத் தொகுத்து 2023-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் சோர்வைக் குறைப்பதில் ப்ளூ கட்டால் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே முடிவு சொன்னது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. சின்னப் பவர் இருந்தும் போடாமல் இருக்கிறார்கள். சோர்வுக்கு நாம் முதலில் பார்க்கவேண்டியவை இவை. வாடிக்கையாளர் ப்ளூ கட்தான் வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். பயமுறுத்திக் கொடுக்காதீர்கள். வெள்ளைத் துணியைப் பார்த்தால் லேசாக மஞ்சள் தட்டும் என்பதையும் சொல்லுங்கள். ஜவுளிக்கடைக்காரருக்கும் பெயின்டருக்கும் அது முக்கியம்.

வெயிலில் கறுக்கும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸில் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விற்றால் ஆள் திரும்பி வருவார். காருக்குள் அது சரியாகக் கறுக்காது, முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். அடுத்தது நம் ஊருக்கே உரியது: சூடு கூடினால் கறுப்பு குறையும். கொடைக்கானல் குளிரில் வெயில் பட்டால் நன்றாகக் கறுக்கிற லென்ஸ், வேலூர் சித்திரை வெயிலில் அந்த அளவு கறுக்காது. லென்ஸ் பழுது என்று நினைத்துவிடுவார்கள். கார் ஓட்டுகிறவருக்குப் பவரோடு தனிக் கூலிங் கிளாஸ்தான் சரி.

படி 5: வெள்ளெழுத்துக்காரர்களுக்கு மூன்று வழி

கிட்டத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி, பைஃபோகல் (மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் கோடு), ப்ரோக்ரெசிவ் (கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறுவது). 1959-ல் பிரான்சில் வேரிலக்ஸ் என்ற பெயரில் ப்ரோக்ரெசிவ் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் அதன் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்: மேலிருந்து கீழே பவர் படிப்படியாகக் கூடும்போது பக்கவாட்டில் மங்கல் உண்டாவதைத் தவிர்க்கமுடியாது. விலை கூடினால் அந்த மங்கல் ஒதுங்கி, நடுப்பாதை அகலும், மறைந்துபோகாது. இதை விற்பதற்கு முன்பே, ஒரு டெமோ லென்ஸைக் கையில் கொடுத்து, "பக்கத்துல பார்க்கணும்னா கண்ணை ஓட்டாம தலையைத் திருப்புங்க சார். படி இறங்கும்போது தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்க" என்று செய்துகாட்டுங்கள்.

கண்பாப்பாவின் நடுவிலிருந்து ஃப்ரேமின் கீழ் ஓரம் வரை உள்ள உயரம் அந்த லென்ஸுக்குக் கம்பெனி கேட்கும் குறைந்தபட்ச அளவுக்குக் குறையக்கூடாது; பெரும்பாலானவற்றுக்கு 14-லிருந்து 18 மில்லிமீட்டர். உயரத்தைக் குறிப்பதற்கு முன் ஃப்ரேமை அவர் முகத்துக்கு வளைத்துச் சரிசெய்துவிடுங்கள். குறித்த பிறகு வளைத்தால் அந்த உயரம் செல்லாது. பைஃபோகல் என்றால் கோடு கீழ் இமை ஓரத்தில் நிற்கட்டும்.

யாருக்கு ப்ரோக்ரெசிவ் வேண்டாம்? இருபது வருடம் டி-பைஃபோகலில் நிம்மதியாக இருக்கிற பெரியவருக்கு. ஏணியில் ஏறி இறங்கும் எலெக்ட்ரீஷியனுக்கு யோசித்துக் கொடுங்கள். நாளெல்லாம் இரண்டு திரை பார்க்கிற கணக்காளருக்கு ப்ரோக்ரெசிவைவிட, திரையும் மேசையும் தெரிகிற ஆபீஸ் லென்ஸ் உகந்தது. வகுப்பில் கரும்பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்க்கிற ஆசிரியைக்கு ப்ரோக்ரெசிவ் மாதிரி வேறில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு வரி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மைனஸ் ஏறிக்கொண்டே போகிற பிள்ளையென்றால், ஏற்றத்தை மட்டுப்படுத்தும் மயோபியா கன்ட்ரோல் லென்ஸ்கள் இப்போது கிடைக்கின்றன என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். முடிவு குழந்தைகள் கண் மருத்துவருடையது.

படி 6: கான்டாக்ட் லென்ஸ்

கண்ணாடி தப்பாகப் போனால் தலைவலி. கான்டாக்ட் லென்ஸ் தப்பாகப் போனால் கருவிழியில் புண். ஆகவே இதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சரக்காக நடத்தக்கூடாது. கண் பரிசோதகரான ஆப்டோமெட்ரிஸ்ட் கருவிழியின் வளைவை அளந்து, ஸ்லிட் லேம்ப் என்ற நுண்நோக்கியில் கண்ணைப் பார்த்து, ட்ரயல் லென்ஸ் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அது கண்ணில் எப்படி நகர்கிறது என்று பார்த்த பிறகே விற்பனை. கல்யாணத்துக்கு வாங்கும் கலர் லென்ஸுக்கும், பவர் பூஜ்யமாக இருந்தாலும், இதே விதி. தோழி போட்டதை வாங்கிப் போடும் பழக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

யாருக்கு நன்றாகப் பொருந்தும்? பெரிய பவர்காரர்களுக்கு, விளையாடுகிறவர்களுக்கு, ஒரு கண்ணில் மைனஸ் 1 மறு கண்ணில் மைனஸ் 6 என்று ஏற்றத்தாழ்வு உள்ளவர்களுக்கு. யாருக்கு வேண்டாம்? சிமென்ட், மாவு மில், மிளகாய் மண்டி என்று தூசியில் நிற்பவர்களுக்கு. கண் அடிக்கடி சிவக்கிறவர்களுக்கு. சர்க்கரை கட்டில் இல்லாதவர்களுக்கு. கையைப் பாருங்கள். நகம் நீளமாக, அழுக்காக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

பவர் விஷயத்தில் இரண்டு பொறி. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, கான்டாக்ட் லென்ஸ் கண்ணிலேயே இருக்கிறது. நான்கு பவருக்கு மேல் போனால் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கவேண்டும். மைனஸ் 6.00 கண்ணாடிக்கு ஏறக்குறைய மைனஸ் 5.50 லென்ஸ், மைனஸ் 8.00-க்கு மைனஸ் 7.25. சிலிண்டரும் மாறும். மைனஸ் 6.00-ஓடு மைனஸ் 1.50 சிலிண்டர் இருந்தால் டோரிக் (சிலிண்டர் உள்ள) கான்டாக்ட் லென்ஸில் அது மைனஸ் 1.25 ஆகிவிடும். இரண்டாவது, நாற்பத்தைந்து வயதில் மைனஸ் 2.50 உள்ளவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜம்மென்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கான்டாக்ட் லென்ஸ் போட்டவுடன் தூரம் பளிச்சென்று தெரியும், மெனு கார்டு தெரியாது. கிட்டத்துக்குத் தனிக் கண்ணாடியோ தூரமும் கிட்டமும் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸோ வேண்டியிருக்கும் என்று பணம் வாங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஒரே பேஸ் கர்வ் (லென்ஸின் உள்வளைவு), ஒரே விட்டம் என்பதற்காக ஒரு கம்பெனி லென்ஸுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். பொருள் வேறு, விளிம்பு வேறு, கண்ணில் உட்காரும் விதம் வேறு.

டெய்லி (ஒரு நாள் போட்டுத் தூக்கி எறிவது), மாதாந்திரம் இரண்டில் எது என்று கேட்டால், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் போடுகிறவருக்கு டெய்லிதான் லாபம். சொல்யூஷன் செலவும் இல்லை, கழுவும் சோம்பலும் இல்லை. தினமும் போடுகிறவருக்கு மாதாந்திர சிலிகான் ஹைட்ரோஜெல் கட்டுப்படியாகும். அதில் பழைய ஹைட்ரோஜெல்லைவிட ஆக்சிஜன் கூடுதலாகக் கண்ணுக்குப் போகும். விலை சொல்லும்போது சொல்யூஷனையும் சேர்த்து ஒரு மாதச் செலவாகச் சொல்லுங்கள்.

கற்றுக்கொடுக்கும் வேலைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்து, எப்போதும் வலது கண்ணில் ஆரம்பிக்கவேண்டும். விரல் நுனியில் லென்ஸ் கிண்ணம் மாதிரி நின்றால் சரி. விளிம்பு தட்டு மாதிரி வெளியே விரிந்தால் உள்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. அவரே போட்டு, அவரே கழற்றி, இரண்டு கண்ணிலும் மூன்று தடவை செய்தால்தான் பெட்டியை வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். பயந்தவருக்கு மறுநாள் வரச் சொல்லுங்கள்.

பிறகு எழுதியும் கொடுக்கவேண்டியவை. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்றால் பார்வையே போகலாம். குற்றால அருவியிலும் கிணற்றிலும் லென்ஸோடு குளிக்கக்கூடாது. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறுகிறவர் ஏறும் முன் கழற்றிவிடவேண்டும். மிளகாய் அரிந்த கை, மீன் கழுவிய கை என்றால் இரண்டு தடவை சோப்பு. லென்ஸ் முதலில், மை பிறகு. டப்பாவில் பழைய சொல்யூஷன்மேல் புதியதை ஊற்றக்கூடாது. டப்பாவையே மூன்று மாதத்தில் மாற்றவேண்டும். சிவப்பு, வலி, மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் எது வந்தாலும் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரிடம் போகவேண்டும். அந்த நேரத்தில் நம்மிடம் சொட்டு மருந்து கேட்பார்கள். கொடுக்காதீர்கள், ஸ்டீராய்டு சொட்டு தொற்றுள்ள கண்ணில் பட்டால் நிலைமை மோசமாகும். கான்டாக்ட் லென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சரியான பவரில் ஒரு கண்ணாடியும் இருக்கவேண்டும். இது கூடுதல் விற்பனைக்காகச் சொல்வதில்லை. கண் சிவந்த நாளில் அவருக்கு வேறு வழி வேண்டும்.

படி 7: விலை சொல்வது

இரண்டு விலை, அதிகம் போனால் மூன்று. பத்து வகையைக் காட்டினால் அவர் குழம்பி, "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போய்விடுவார். நடு விலையில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் அவர் சொன்ன வேலையோடு சேர்த்துக் காரணம் சொல்லுங்கள்: "ராத்திரி வேன் ஓட்டுறேன்னு சொன்னீங்கல்லண்ணே, அதுக்குத்தான் இந்தக் கோட்டிங்." காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அந்த லென்ஸ் அவருக்குத் தேவையில்லை என்று பொருள்.

பில்லில் ஃப்ரேம், லென்ஸ், ஃபிட்டிங் தனித்தனி. லென்ஸ் கம்பெனி, இன்டெக்ஸ், கோட்டிங் பெயரோடு எழுதவேண்டும். ப்ரோக்ரெசிவில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண் குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதனடியில் காதுப் பக்கம் ஆட் பவர், மூக்குப் பக்கம் கம்பெனி அடையாளம். லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து டெலிவரியன்று அவருக்கே காட்டுங்கள். கொடுத்த காசுக்கு எழுத்துபூர்வ ரசீதைவிடப் பெரிய சாட்சி அது.

படி 8: டெலிவரியும் திரும்பி வருதலும்

கொடுப்பதற்கு முன் லென்சோமீட்டரில் பவர், ஆக்சிஸ், மையம் மூன்றையும் சரிபாருங்கள். முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவையும் மூக்குத் திண்டையும் திருத்துங்கள். கடை வாசலில் நின்று எதிர்க் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு பேப்பரைக் கொடுங்கள்.

"பிடிக்கலை" என்று திரும்பி வருகிறவரிடம் "பழகிடும்" என்று சொல்வதற்கு முன் ஒரு வரிசையில் பாருங்கள். ஃப்ரேம் இறங்கியிருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா? ப்ரோக்ரெசிவ் என்றால் நுண் குறிகளை மார்க்கரால் தொட்டு, கம்பெனி அட்டையில் வைத்து மையக் குறியை வரைந்து, கண்பாப்பாவுக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். பி.டி.யை மறுபடி எடுங்கள். பவரை லென்சோமீட்டரில் மறுபடி பாருங்கள். எல்லாம் சரி என்றால்தான் சீட்டு எழுதியவரிடம் திருப்பி அனுப்பவேண்டும். அதற்கும் பிறகு இரண்டு வாரம் போட்டும் ப்ரோக்ரெசிவ் ஒத்துவராதவருக்கு, தூரத்துக்கு ஒன்று கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு தனிக் கண்ணாடி போட்டுக் கொடுத்து, மிச்சப் பணத்தை அவர் கேட்கும் முன் எண்ணி வைத்துவிடுங்கள். ஒத்துவராத லென்ஸுக்கு மாற்று தரும் திட்டம் பல கம்பெனிகளில் உண்டு. எத்தனை நாளுக்குள் அனுப்பவேண்டும் என்று ஆர்டர் போடும்போதே லென்ஸ் செய்து தரும் லேபில் கேட்டு பில் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.